நான் வைத்த மூன்று கல்

உங்கள் கார் டிக்கியில், ஸ்டெப்னி பக்கத்தில், சிவப்பாக மடக்கி வைத்த ஒரு முக்கோணம் கிடக்குமே, அதை என்றைக்காவது கவர் பிரித்து வெளியே எடுத்திருக்கிறீர்களா? பொய் சொல்லாதீர்கள். நான் எடுத்ததே இல்லை. இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், ஒரு அரியர்கூட இல்லாமல் முடித்தவன். கேம்பஸில் கிடைத்த வேலை மொக்கையாக இருந்ததால் ஸ்ரீரங்கத்தில் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறேன். அந்த முக்கோணத்தை எடுத்து ரோட்டில் வைத்தால் நேற்று லைசென்ஸ் வாங்கியவன் மாதிரி இருக்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு. நம்ம ரோட்டில் வண்டி நின்றுபோனால் கெத்தான டிரைவர் என்ன செய்வான்? ஓரத்தில் கிடக்கிற கல்லில் பெரிதாக மூன்று பார்த்து வண்டிக்குப் பின்னால் வரிசையாக உருட்டி வைப்பான். பக்கத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து நடுவில் செருகுவான். லாரிக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். தூரத்தில் வரும்போதே பின்னால் வருகிறவனுக்குப் புரிந்துவிடும்.

வைப்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு என் வண்டியில் ஒரு மாமா, மாமி. இரண்டு பேரும் ரிட்டையர்டு டீச்சர்கள், கோயில் பக்கத்திலேயே வீடு. மாதத்துக்கு ஒரு தடவை திருவெள்ளறைப் பெருமாளைச் சேவிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாமி பின் சீட்டில் பூக்கூடையோடு. மாமா முன் சீட்டில். நான் பிரேக் போடுவதற்கு முன்பே, அவர் பக்கம் இல்லாத பிரேக்கை அவர் மிதித்துவிடுவார். கொள்ளிடம் பாலம் தாண்டும்போதே மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

"பன்னெண்டரைக்கு நடை சாத்திடுவாடாப்பா. கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்றார் மாமா.

"போன மாசம் மெதுவா போடான்னீங்க."

"அது போன மாசம்."

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைத் தாண்டி ரோடு கொஞ்சம் காலியானதும் மிதித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஸ்டியரிங் இடது பக்கம் பிடித்து இழுத்தது. முன் டயர் போய்விட்டது. இந்த இடத்தில் நிறையப் பேர் பிரேக்கை ஓங்கி மிதித்து வண்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். நான் பிரேக் பக்கமே போகவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இண்டிகேட்டர் நாலையும் மின்னவிட்டு, வண்டி தானாக வேகம் குறையக் குறைய ஒரு புளியமர நிழலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். பூக்கூடை ஆடக்கூட இல்லை. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

"என்னடா, வண்டி நொண்டறது?"

"டயர் மாமா. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா!"

"அவன் பாத்துப்பான். நீங்க இறங்கி நிழல்ல நில்லுங்கோ" என்றார் மாமி.

மரம் ரோட்டை ஒட்டியே நின்றதால் பாதி வண்டி தார் ரோட்டில்தான் இருந்தது. அதனால் கல். வயல் ஓரத்தில் கிடந்ததில் ஆள் தலை சைஸில் மூன்றைத் தூக்கிவந்து, வண்டிக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி வைத்து, புளியங்கிளை ஒன்றை ஒடித்துச் செருகினேன். ஸ்டெப்னியை எடுக்கும்போது முக்கோணத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். ஆமாம், கையில் எடுத்து ஓரமாகப் போட்டேன்.

ஜாக்கி ஏற்றும்போது போனை மாமாவிடம் கொடுத்தேன்.

"மாமா, ஒரு போட்டோ எடுங்க. ஸ்டேட்டஸ் போடணும்."

"டயர் வெடிச்சதுக்கு ஸ்டேட்டஸா? காலம் கெட்டுக் கிடக்கு."

திட்டிக்கொண்டே எடுத்தார். ஜாக்கி வைத்ததிலிருந்து கடைசி போல்ட்டை முறுக்கியது வரை பதினோரு நிமிஷம். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடியது, சந்தேகம் இருந்தால் காட்டுகிறேன். வீல் கேப்பை மாட்டக்கூட நேரம் எடுக்கவில்லை, டிக்கியில் போட்டுக்கொண்டு பறந்தேன். நடை சாத்த இருபது நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேரையும் திருவெள்ளறைக் கோயில் வாசலில் இறக்கினேன். மாமி திரும்பிப் பார்த்து, "கெட்டிக்காரன்டா நீ" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

கோயிலுக்கு வெளியே குழாயில் கையைக் கழுவிவிட்டு, வண்டிக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்து ஸ்டேட்டஸ் போட்டேன். 'பதினோரு நிமிஷம். டைம் நோட் பண்ணிக்கோங்கடா.' காலேஜ் பசங்க வரிசையாக நெருப்பு பொம்மை அனுப்பினார்கள். ஒருவன், 'ஆர்ம்ஸ் செம மச்சி' என்று போட்டான். சரி, பார்ப்போமே என்று போட்டோவைப் பெரிதாக்கினேன். கை நன்றாகத்தான் வந்திருந்தது. இடது மூலையில் மாமாவின் கட்டைவிரல். கட்டைவிரலுக்குப் பக்கத்தில், வண்டிக்குப் பின்னால், ரோட்டின் மேல் மூன்று கல், ஒரு கிளை.

நான் அந்தக் கல்லை எடுக்கவில்லை.

யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். கல்லோ கருங்கல், ரோடோ தார், மேலே புளியமர நிழல். வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்குள் வருகிறவன் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. எனக்கு நிழல் வேண்டும் என்று தேடிப்பிடித்து நிறுத்திய இடம் அது.

தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது. ஒரு மொபெட் குப்புறக் கிடந்தது. ரோடு முழுக்க வாழைக்காய். கிளை ஏதோ பஸ் அடித்த காற்றில் பள்ளத்துக்குப் போயிருந்தது. கற்கள் மட்டும் இருந்தன. ஒன்று உருண்டு ரோட்டின் நடுவில்.

விழுந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத்தில் வாழைத்தார் வெட்டி மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தார் வெட்டுகிற அரிவாளைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்திருக்கிறார். விழுந்ததில் சாக்கு பிரிந்து, வலது கெண்டைக்கால் கிழிந்திருந்தது. ரத்தம் வழியவில்லை, விட்டு விட்டுப் பீச்சியது. அந்தப் பீச்சலைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது: இவர் கால் மட்டுமல்ல, ஆளே போய்விடுவார். நான் வைத்த கல்லால்.

காலேஜில் என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு முதலுதவி வகுப்பு நடந்தது. படுத்துத் தூங்கலாமே என்று அடிபட்டவனாக நடிக்க நான்தான் கை தூக்கினேன். வந்திருந்த நர்ஸ் என் தொடையில் துணியை வைத்து அமுக்கிய அமுக்கில் கத்திவிட்டேன். "வலிக்குதுன்னா சரியா அமுக்குறேன்னு அர்த்தம்" என்றார் அவர். மொத்த வகுப்பிலும் எனக்கு ஞாபகம் இருந்தது தொடை வலியும் அவர் சொன்ன நாலு விஷயமும்தான். போதும்.

பின் சீட்டில் மாமி அவசரத்தில் விட்டுப்போன துணிப்பை இருந்தது. அதற்குள் புது வேஷ்டி, மடிப்பு கலையாதது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எதிர்ப்பக்க டீக்கடை அக்கா அதற்குள் ஒரு பிடி காப்பித்தூளோடு குனிந்துவிட்டார்.

"போடாதீங்கக்கா!"

"இதப் போட்டா டக்குனு நின்னுரும் தம்பி. எங்க வீட்ல எல்லாருக்கும் இதான்."

"அது விரல் வெட்டுக்குக்கா. இது பைப் உடைஞ்ச மாதிரி அடிக்குது. தூளைப் போட்டா டாக்டர் தோண்டித் தோண்டி எடுக்கணும்."

"நீ என்ன, டாக்டரா?"

"இல்லக்கா. மெக்கானிக்கல்."

"மெக்கானிக்கலா!"

அவர் திகைத்து நின்ற அந்த இடைவெளி போதுமாக இருந்தது. வேஷ்டியை நாலாக மடித்து வெட்டின் மேல் வைத்து, இரண்டு கையாலும், முழு எடையையும் போட்டு அமுக்கினேன். அடிபட்ட அண்ணன் 'அய்யோ' என்று அலறினார். வலிக்கிறது. சரியாக அமுக்குகிறேன்.

ரைஸ்மில் லோடுமேன் ஒருவர், தலையில் சிவப்புத் துண்டு, பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டே வந்தார்.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஆள் போயிடுவான்யா. தூக்கு. என் வண்டியில நடுவுல உக்கார வச்சுப் பிடிச்சுக்கிட்டா கொண்டுபோயிடலாம்."

"அண்ணே, இடுப்பு வலிக்குதுங்குறாரு. தூக்கி மடக்குனா உள்ள என்ன உடைஞ்சிருக்கோ அதுவும் சேந்து போயிடும். வண்டிய ஆஃப் பண்ணிட்டு நூத்தெட்டுக்கு அடிங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"பெரிய இவன் மாதிரி ஆர்டர் போடுற?"

"ஆமாண்ணே, போடுறேன். அடிங்க."

அடித்தார். நான் கையை எடுக்காமல் கத்தி வழி சொன்னேன்: துறையூர் ரோடு, மண்ணச்சநல்லூர் தாண்டி, புளியமரம், எதிரே டீக்கடை. முதல் மடிப்பு நனைந்து என் விரலிடுக்கில் சூடாக வந்தது. எடுத்துப் பார்க்கக் கை துடித்தது. எடுக்கக் கூடாது, எடுத்தால் உறைந்ததும் சேர்ந்து பிய்ந்துவிடும். அதற்கு மேலேயே மீதி வேஷ்டியை மடித்து வைத்து மறுபடி அமுக்கினேன்.

"தம்பி... தண்ணி."

"இப்ப வேணாண்ணே. ஆபரேஷன் பண்ற மாதிரி ஆச்சுன்னா ஆபத்து. நாக்கை மட்டும் நனைச்சுக்கங்க. பேசிக்கிட்டே இருங்க."

"தாரெல்லாம் நசுங்கிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலண்ணே. எல்லாம் அப்படியே இருக்கு."

"பொய் சொல்லாத. என் தலைக்கு அடியிலயே ஒண்ணு கூழாக் கெடக்கு."

சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்தேன். அப்போதுதான் லோடுமேன் அண்ணன் நடு ரோட்டில் கிடந்த கல்லைக் காலால் எத்திக் காட்டினார்.

"இதப் பாருங்கய்யா. எவனோ ஒரு நாசமாப்போறவன் பிரேக்டவுனுக்குக் கல்ல வச்சிட்டு அப்படியே போயிருக்கான். வைக்கத் தெரிஞ்ச நாய்க்கு எடுக்கத் தெரியாதா?"

"ஒரு வெள்ளக் காரு நின்னுச்சுண்ணே" என்றார் டீக்கடை அக்கா. "டயர் மாத்திக்கிட்டு இருந்தான் ஒரு பய. நான் அடுப்படில இருந்தேன், மூஞ்சியப் பாக்கல."

என் வெள்ளைக் கார் பத்தடி தள்ளி நின்றது. மூன்று சக்கரத்தில் பளபளவென்று வீல் கேப். முன் இடதில் வெறும் கறுப்பு இரும்பு. ஒருவர் திரும்பிப் பார்த்தால் போதும். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் எப்படி! என் இரண்டு கையும் பிஸி. வாயும் பிஸி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர் என் கையை விலக்காமல் மேலேயே கட்டுப் போட ஆரம்பித்து, "யாருங்க இப்படி அமுக்கிப் பிடிச்சது? இவர் உயிரோட இருக்கிறதே இதனாலதான்" என்றார். லோடுமேன் அண்ணன் ஏதோ தானே என்னைப் பெற்று வளர்த்த மாதிரி என் தோளில் தட்டினார். "தம்பி இன்ஜினியர் சார்!"

ஆம்புலன்ஸ் போனதும் மூன்று கல்லையும் தூக்கி என் டிக்கியில் போட்டேன். ஒன்றை லோடுமேன் அண்ணனே தூக்கித் தந்தார்.

"எதுக்கு தம்பி இது?"

"இனிமே யாரும் விழக் கூடாதுல்ல."

"தங்கமான பையன்யா."

அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டியது போல வேறெப்போதும் கஷ்டப்பட்டு ஓட்டியதில்லை.

திருவெள்ளறையில் நடை சாத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாமா, மாமி இரண்டு பேரும் வாசல் படியில் வெயில் படாத ஒரு முழ இடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திட்ட வாயைத் திறந்த மாமா என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கல், போட்டோ, கால், வேஷ்டி.

"நான் பாத்தேன்" என்றார் மாமா.

"எதை மாமா?"

"கல்லை. கிளம்பறச்சே சைடு கண்ணாடியில தெரிஞ்சுது. சொன்னா நீ நிறுத்தி, இறங்கி, எடுத்துப் போட்டுட்டு வருவே. நடை சாத்திடுவாளேன்னு வாயை மூடிண்டு இருந்துட்டேன். சேவை நன்னா ஆச்சு."

மாமி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "ரெண்டு பேரும் வண்டில ஏறுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போ."

"மாமி, வேஷ்டி..."

"வேஷ்டியா இப்போ பேச்சு? ஏறு."

திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அவரை ஆபரேஷனுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே அவர் மனைவி தனியாக நின்றார். என் சட்டையைப் பார்த்ததுமே யார் என்று புரிந்து, கும்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார். "நீங்கதானா அந்தத் தம்பி? உங்க புண்ணியம்தான்..." குனியப் போனார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சொன்னேன். இதுதான் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை; டயர் மாற்றுவதெல்லாம் இதற்கு முன்னால் தூசு. சொல்லி, போனை எடுத்து போட்டோவையும் காட்டினேன்.

கும்பிட்ட கை அப்படியே இறங்கியது.

"நல்லா இருக்கு நியாயம். தள்ளிவிடுறதும் நீயே, தூக்கிவிடுறதும் நீயே. உன்ன நான் கும்பிடணுமா, செருப்பால அடிக்கணுமா? அதையும் நீயே சொல்லிரு."

மாமி அவரை பெஞ்சில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் டாக்டர் வந்து, உயிருக்கு ஒன்றும் இல்லை, காலில் பாதத்தைத் தூக்குகிற நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது, தைத்திருக்கிறோம், ஊன்றி நடப்பாரா என்பது மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் தெரியும் என்றார்.

மறுநாள் மாமாவும் நானும் அடிபட்ட அண்ணனைப் பார்க்கப் போனோம். மனைவி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அண்ணன் போனைக் கேட்டு வாங்கி, போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கட்டைவிரல் யாருது?"

"என்னுது" என்று மாமா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"டயர் மாத்த பதினோரு நிமிஷமா?"

"ஆமாண்ணே."

"கல்லை எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"அரை நிமிஷம்ணே."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் கதவு வரைக்கும் போய்விட்டோம். அப்புறம்தான் குரல் வந்தது.

"வெள்ளிக்கிழமை அனுப்புறாங்களாம். பஸ்ல இந்தக் காலை வச்சு ஏற முடியாது. வந்துருவியா?"

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நான் லேட்டாகப் போனதில்லை. கட்டு மாற்ற, எக்ஸ்ரே எடுக்க, டாக்டரைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் என் வண்டிதான். பின் சீட்டில் தலையணை போட்டுக் காலை நீட்டிவைத்து, வேகத்தடையில் பூனை மாதிரி ஏற்றி இறக்குவேன். அவர் மனைவி என்னை இன்னும் 'டாக்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார். மாமா வாரத்துக்கு ஒரு தடவை கூடவே வந்து, முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிக்கிறார். அந்த ஸ்டேட்டஸை நான் அழிக்கவில்லை, இருபத்துநாலு மணி நேரம் இருந்து தானாகப் போனது. பார்த்தவன் ஒருத்தன்கூடக் கல்லைக் கவனிக்கவில்லை.

போன மாதம் கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஃபேன் பெல்ட் அறுந்து நின்றேன். முக்கோணத்தைக் கவர் பிரித்து, ஐம்பது காலடி எண்ணி நடந்துபோய் வைத்தேன். தாண்டிப்போன ஒரு லாரிக்காரர், "என்ன தம்பி, புதுசா?" என்று கத்தினார். "ஆமாண்ணே, புதுசு" என்று நானும் கத்தினேன். பெல்ட் மாட்ட முப்பது நிமிஷம். கிளம்பும்போது முதலில் எடுத்தது முக்கோணத்தை.

தப்பு செய்தவன் இவ்வளவு பெருமை பேசலாமா என்று கேட்பீர்கள். அமுக்கிப் பிடித்தது இந்தக் கைதான், ஒத்துக்கொண்டதும் இந்த வாய்தான். இரண்டுக்கும் பெருமைப்படுவேன். கல்லுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேன், அது அவர் கால் சொல்ல வேண்டிய பதில்.

மாவுக்கட்டு பிரித்து நாலு நாள் ஆகிறது. இன்று முதல் தடவையாகப் பிடிமானம் இல்லாமல் இறங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேன். மூன்று படி. நான் இறங்கிப் பிடிக்கப் போனேன், "ஏ டாக்ஸி, அங்கயே உக்காரு. அவரே வருவாரு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது படியில் நிற்கிறார்.